வினாகிரிக் கிழவியும் நம் தலைப்புச் செய்திகளும்

பாரிஸில் பஸ்தீல் சிறை வீழ்ந்த பதினாறாம் நாள், 1789 யூலை 30 அன்று, பலெர்மோ நகரின் நடுச்சந்தியில் ஒரு கிழவியைத் தூக்கிலிட்டார்கள். அவளுடைய பெயர் ஜொவான்னா பொனான்னோ. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பிச்சையெடுத்து வாழ்ந்தவள். மக்கள் மனதில் நின்றது அவளுடைய பெயரல்ல, 'வினாகிரிக் கிழவி' என்ற பட்டம்தான்.

அந்தச் சந்தியை 'குவாத்ரோ கான்தி' என்பார்கள். நான்கு மூலைக் கட்டடங்களிலும் அடுக்கடுக்காகச் சிலைகள்: கீழே பருவங்கள், நடுவில் ஸ்பானிய அரசர்கள், உச்சியில் நகரின் காவலர்களான நான்கு பெண் புனிதர்கள். அங்குள்ள நம்மவர்கள், சைவர்களும்கூட, மலையேறிச் சென்று நேர்த்தி வைக்கும் புனித ரொசாலியா 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகுதான் நகரின் காவல் தெய்வமானார். வேலை நிமித்தம் பலெர்மோவுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சந்தியில் சிறிது நேரம் நிற்பேன். மேலே வணங்கப்பட்ட பெண்கள். கீழே தூக்கிலிடப்பட்ட பெண். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அங்கே இடமிருந்ததாகத் தெரியவில்லை.

கதை இதுதான். பேன் கொல்வதற்காக ஒரு மருந்துக் கடைக்காரர் விற்ற வினாகிரியில் ஆர்சனிக் கலந்திருந்தது. அதைத் தவறுதலாகக் குடித்த ஒரு சிறுமி சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தாள். ஜொவான்னா அதைக் கவனித்தாள். அந்த வினாகிரியை வாங்கித் தெருநாய் ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு விற்கத் தொடங்கினாள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கணவனை ஒழிக்க விரும்பிய மனைவியர். ஸீசா பகுதியில் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக விளங்காத நோயில் இறந்தார்கள். கடைசியில் அவளுக்காக மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பெண், அடுத்து இறக்கப்போவது தனக்குத் தெரிந்த ஒருத்தியின் மகன் என்பதை அறிந்து அந்தத் தாயிடம் சொல்லிவிட்டாள். தாய் தானும் மருந்து கேட்பதுபோல நடித்து, சாட்சிகளோடு வந்து கிழவியைப் பிடித்துக்கொடுத்தாள். 1788 ஒக்டோபரில் வழக்குத் தொடங்கியது.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? ஒரு கடைச்சரக்கும், அதைக் கவனித்த கண்ணும், வாங்க வந்த ஆட்களும்தான் இருக்கிறார்கள். சிசிலியில் சமய விசாரணை மன்றத்தை 1782இலேயே மூடிவிட்டார்கள். ஆனாலும் அவள் சூனியக்காரியாகவே நினைவில் நின்றாள். 'பெயாதி பாவ்லி' நாவலைப் பத்திரிகைத் தொடராக எழுதிப் புகழ்பெற்ற லூயிஜி நத்தோலி இவளையும் ஒரு நாவலாக்கினார்.

இவளுக்கு முன்பே பலெர்மோ நஞ்சுக்குப் பேர்போன ஊர். 1633இல் தொஃபானியா தெ அதாமோ என்ற பெண்ணுக்கு அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 'அக்வா தொஃபானா' என்ற நஞ்சின் பெயர் அந்த வழியில் வந்தது. ஜூலியா தொஃபானா 600 ஆண்களைக் கொன்றாள் என்று இன்று எங்கும் படிக்கலாம். தரவுகளோடு பிழைப்பவன் நான்; இப்படி உருண்டு திரண்ட எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். 1659இல் ரோமில் நடந்த பெரிய நஞ்சு வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்கள் ஐந்து பெண்கள். அவர்களில் முதன்மையானவள் பலெர்மோவில் பிறந்த ஜிரோனிமா ஸ்பானா. ஜூலியா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டாள். முன்பு 600 என்ற எண் அவளை அரக்கியாக்கப் பயன்பட்டது. இப்போது அதே எண் அவளைக் கொடுமைக்காரக் கணவர்களிடமிருந்து பெண்களை மீட்ட வீராங்கனையாக்கப் பயன்படுகிறது. இரண்டு கதைகளிலும் இறந்தவர்களுக்கு முகமில்லை.

வீராங்கனைக் கதையை நான் ஏற்கவில்லை. ஸீசாவில் செத்தவர்களும் ஏழைகள்தான். ஆனால் அந்த மனைவியருக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970இல்தான் வந்தது. மானத்துக்காகத் துணையையோ மகளையோ சகோதரியையோ கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் மட்டுமே சிறை என்ற பிரிவு 1981 வரை இருந்தது. அந்தப் பிரிவை நம்பி மனைவியைக் கொல்லத் திட்டமிடும் சிசிலியக் கணவனைக் கேலி செய்து பியெத்ரோ ஜெர்மி 1961இல் 'இத்தாலிய பாணி விவாகரத்து' என்ற படத்தை எடுத்தார். கொல்லும் கணவனை வைத்து நகைச்சுவை எடுக்க முடிந்தது. கொல்லும் மனைவிக்குக் கிடைத்தது பேய்க்கதை.

பலெர்மோவுக்கு அருகிலுள்ள பார்தினிக்கோவின் ஜூசி விதாலே 1998இல் கைதானார். மாஃபியாக் குழுவொன்றின் தலைமையில் இருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட முதல் பெண் அவர். இத்தகைய பெண்களுக்கு இத்தாலியப் பத்திரிகைகள் வழக்கமாகச் சூட்டும் பட்டம் 'பாவாடை கட்டிய பாஸ்'. ஆண் தலைவர்களின் காற்சட்டை எந்தத் தலைப்பிலும் இடம்பெற்றதில்லை.

இத்தாலியர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். நம் தமிழ்ப் பத்திரிகைகளில் வார்ப்பு அச்சுபோல வரும் இரண்டு தலைப்புகள் உண்டு. மனைவி கொலை செய்தால்: 'கள்ளக்காதலனுடன் சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டிய மனைவி.' கணவன் கொலை செய்தால்: 'நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிக் கொன்ற கணவன்.' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பெண் கொலையாளி, இரண்டாவதில் பெண் பிணம். இரண்டிலும் கூண்டில் நிற்பது அவளுடைய நடத்தைதான். ஆணின் நடத்தை எப்படி இருந்தது என்று எந்தத் தலைப்பும் கேட்பதில்லை.

கொலையைக் கொலை என்றே எழுதலாம். யார், யாரை, எப்படி, எதற்காக, அந்த நஞ்சு எந்தக் கடையில் கிடைத்தது என்று எழுதலாம். பலெர்மோ வழக்கில் அந்தக் கடைசிக் கேள்வியே முக்கியமானது. ஆர்சனிக் கலந்த வினாகிரியை வெளிப்படையாக விற்ற மருந்துக் கடைக்காரரின் பெயர் எந்தப் பழங்கதையாகவும் மாறவில்லை.