மருமகளின் சுமையை ஊர் ஏற்ற கதை

1972-ல் அரியோஷி சவாக்கோ எழுதிய ஒரு நாவல் ஜப்பானை உலுக்கியது. ‘கோகோட்சு நோ ஹிதோ’ என்பது அதன் பெயர். வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் அகிகோ, மாமியார் திடீரென்று இறந்த பிறகுதான், மாமனாருக்கு நினைவு தப்பிக்கொண்டிருப்பதைக் கண்டுகொள்கிறாள். பெற்ற மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, மருமகளைத் தெரிகிறது. அவரைக் கவனிக்கும் வேலை முழுக்க அவள் தலையில் விழுகிறது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நாவல் மறு ஆண்டே திரைப்படமானது. தங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதை எத்தனையோ பெண்கள் முதன்முறையாக அச்சில் பார்த்தார்கள்.

அதுவரை முதியோர் பராமரிப்புக்கு ஜப்பானில் பெரும்பாலும் இருந்த ஏற்பாடு ஒன்றுதான்: மூத்த மகனின் மனைவி. அவள் உழைப்புக்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை. 1963-ல் முதியோர் நலச் சட்டம் வந்து பராமரிப்பு இல்லங்கள் எழுந்தன. ஆனால் யாருக்கு இடம் என்பதை நகராட்சி அதிகாரிகளே தீர்மானித்தார்கள். குடும்ப வருமானம் விசாரிக்கப்பட்டது. அங்கே பெற்றோரைச் சேர்ப்பதைப் பல குடும்பங்கள் அவமானமாகக் கருதின.

இன்னொரு கதவு திறந்தது, ஒரு மலைக்கிராமத்திலிருந்து. பனியில் மாதக்கணக்காக முடங்கிக் கிடக்கும் சவாஉச்சி என்ற ஏழை ஊர், 1960-ல் தன் முதியோருக்கு இலவச மருத்துவம் அளித்தது. 1969-ல் டோக்கியோ அதைப் பின்பற்றியது. 1973-ல் நாடு முழுவதும் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவம் இலவசமானது.

நல்ல நோக்கம்தான். விளைவு வேறாக வந்தது. இல்லங்களில் இடமில்லை, மருத்துவமனையிலோ செலவில்லை, ஊர்ப்பேச்சும் இல்லை. நோய் தீர்ந்த பிறகும் வீட்டில் பார்க்க ஆளில்லாமல் முதியவர்கள் கட்டில்களிலேயே தங்கிவிட்டார்கள். நடமாடி வந்தவர்கள் படுத்த படுக்கையானார்கள். இதற்கு ‘சமூகக் காரணத்துக்கான அனுமதி’ என்றே ஒரு பெயர் உண்டானது. செலவு தாங்காமல் 1983-ல் முழு இலவசம் கைவிடப்பட்டது.

அதே 1983-ல் ஹிகுச்சி கெய்கோ என்பவரும் தோழிகளும் முதியோர் சமூகத்தை மேம்படுத்துவதற்காகப் பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டுப் பராமரிப்பைப் புனிதக் கடமை என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கத்தை அவர்கள் கேள்வி கேட்டார்கள். ‘பராமரிப்பு நரகம்’ என்ற சொல் நாளிதழ்களில் புழங்கத் தொடங்கியது. 1989-ல் நுகர்வு வரி புதிதாக வந்தபோது மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தைத் தணிக்க, ஆண்டின் முடிவில் அரசு ‘தங்கத் திட்டத்தை’ அறிவித்து, பத்தாண்டுகளில் வீட்டு உதவியாளர் எண்ணிக்கையை ஒரு லட்சமாக உயர்த்துவதாக உறுதி சொன்னது.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மிஞ்சியது. 1995-ல் ஜெர்மனி பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியிருந்தது. அங்கே குடும்பமே பார்த்துக்கொண்டால் ரொக்கமும் கிடைக்கும். ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் இந்த ஒரு அம்சத்தை உறுதியாக எதிர்த்தன. பணம் வீட்டுக்கு வந்தால் வேலை மறுபடி மருமகள் தலையில்தான் விழும் என்பது அவர்கள் வாதம். அது எடுபட்டது. 1997 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் ரொக்கத்துக்குப் பதிலாகச் சேவையே இடம்பெற்றது.

2000 ஏப்ரல் 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. 40 வயதை எட்டியவர் ஒவ்வொருவரும் சந்தா கட்ட வேண்டும். தன் பெற்றோருக்குத் தளர்ச்சி தட்டும் வயது அது. தன் முதுமையும் தொலைவில் தெரியத் தொடங்கும் வயது. பயனாளியின் பங்கு போக மீதிச் செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரியிலிருந்தும் வருகிறது. தேவைப்படும்போது நகராட்சியிடம் விண்ணப்பித்தால் வீட்டுக்கு வந்து விசாரித்து, எவ்வளவு உதவி வேண்டும் என்று தரம் பிரிப்பார்கள். மகன் இருக்கிறானா, மருமகள் இருக்கிறாளா என்பது அந்தத் தரத்தைத் தீர்மானிக்காது. தொடக்கத்தில் பயனாளி கட்டியது சேவைச் செலவில் பத்தில் ஒரு பங்கு.

அதே நாளில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வைக்கலாம். நோட்டரி முன்னிலையில் எழுதும் அந்த ஒப்பந்தம், நினைவு மங்கிய பின் குடும்ப நீதிமன்றம் ஒரு மேற்பார்வையாளரை நியமிக்கும்போது உயிர்பெறும். பணத்துக்கு ஒரு சட்டம், முடிவுக்கு ஒரு சட்டம். ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்று அவற்றைச் சொன்னார்கள்.

வண்டி மேட்டில்தான் ஏறுகிறது. 65 வயது கடந்தவர்களின் சராசரி மாதச் சந்தா தொடக்கத்தில் 2,911 யென். 2024-ல் 6,225 யென். கூடுதல் வருமானம் உள்ள பயனாளிகள் கட்டும் பங்கு 2015-ல் இரு மடங்கானது. 2018-ல் சிலருக்கு மும்மடங்கானது. உதவியாளர்களுக்குத் தட்டுப்பாடு. பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் இன்றும் வேலையை விடுகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஆனால் அகிகோவின் காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத அந்த வேலை, இன்று 40 வயதை எட்டும் ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டிலும் ஒரு தொகையாக அச்சாகிறது.