மென்மையும் தளர்ச்சியும்



மென்மை போற்றத்தக்க பண்பா, பழிக்கத்தக்க குறையா? இவ்வினாவுக்கு ஆங்கில மொழியின் சொல் வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. ஒரு காலத்தில் புகழாக நின்ற சொல் பிறிதொரு காலத்தில் இகழாக மாறியிருக்கிறது. இகழ் புகழானதும் உண்டு.

முதலில் 'ஸாப்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இதற்கு இனிமையான, அமைதியான, வருத்தம் தராத என்பனவே பொருள். தொட்டால் அமுங்கும் தன்மை பின்னர் வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டிலோ அறிவு மழுங்கியவனையும் இச்சொல் சுட்டலாயிற்று. சோப்பு எளிதில் நுரைக்கும் நீரும், மது கலவாத பானமும், குறைந்த வட்டிக் கடனும் இச்சொல்லையே அடைமொழியாகப் பெற்றன. 1958ஆம் ஆண்டில் ஜான் டூக்கி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியைக் குறிக்க 'ஸாப்ட்வேர்' என்னும் சொல்லை அச்சில் ஆண்டார். அதனைப் பின்பற்றியே நாம் 'மென்பொருள்' என்கிறோம்.

பழைய ஆங்கிலத்தில் மென்மைக்கு வேறொரு சொல்லும் இருந்தது. அதன் இன்றைய வடிவம் 'நெஷ்' என்பது. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் குளிர் தாங்காதவரை இச்சொல்லால் இன்றும் கேலி செய்வர். மார்கழியில் தில்லியில் இரண்டு கம்பளிக்குள் நடுங்கும் நம்மவரைக் கண்டால் அவர்கள் வேறு சொல் தேடமாட்டார்கள்!

இலத்தீன் வழி வந்தவற்றைக் காண்போம். தொய்ந்த தசையைக் குறிக்கும் 'ப்ளாஸிட்' என்பதன் வேர் 'ப்ளாக்கஸ்'. கி.மு. 65இல் பிறந்த உரோமப் பெருங்கவி ஹொரேஸின் குடும்பப் பெயரும் அதுவே. தொய்ந்த காதினர் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. வளைந்து கொடுக்கும் உடலைப் புகழும் 'ஸப்பிள்' என்பதோ, மண்டியிட்டு இரப்பவனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. தொய்வைக் குறித்த 'லஷ்' என்பது, 1611ஆம் ஆண்டளவில் ஷேக்ஸ்பியர் இயற்றிய 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் செழித்த புல்லுக்கு அடைமொழியாயிற்று.

'தளர்ந்த' எனப் பொருள்படும் 'லாக்ஸஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்களோ நம் அலுவலகக் கோப்புகளில் நாள்தோறும் உலவுகின்றன. 'ரிலாக்ஸ்', 'ரிலீஸ்', குத்தகையைக் குறிக்கும் 'லீஸ்' ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள். இவற்றுள் முதலாவது ஒருமுறை நம்மை ஏமாற்றியது. பணிக்குப் புதிதாக வந்த நாளில், வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்றில் வயது வரம்பில் அளிக்கும் 'ரிலாக்ஸேஷன்' என்பதற்கு 'ஓய்வு' என்று எழுதிவிட்டோம். மூத்த அலுவலர் ஒருவர் அதனை அடித்து, 'தளர்வு' என்று எழுதினார். கடிந்துகொள்ளவில்லை. "இதைப் படிக்கப் போகும் பையன் நம்மிடம் வந்து விளக்கம் கேட்கமாட்டான்" என்று மட்டும் சொன்னார். அவர் கூறியது உண்மை. 5 ஆண்டுச் சலுகைக்கு உரிய இளைஞன் ஒருவன், தனக்கு இடமில்லையென்று எண்ணி விண்ணப்பம் எழுதாமலே இருந்திருப்பான். அன்று முதல், எளிய சொல்லே நம்மை மிகவும் அஞ்சச் செய்கிறது.

இறுதியாக 'லிம்ப்'. விறைப்பின்றித் தொங்குவன பலவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லை ஆளலாம். தமிழிலோ கஞ்சி போன துணி துவளும். நீரற்ற கீரை வாடும். உழைத்த கை சோரும். கட்டிய கொடி தொய்யும். ஆங்கிலம் ஏழை மொழி என்பது இதன் கருத்தன்று. அது ஒரு சொல்லுக்குள் பல பொருளை அடுக்கும். தமிழ் இவ்விடத்தில் பொருளுக்கொரு சொல்லை வைத்திருக்கிறது.

அயல் மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் முதற்செல்வத்தைப் பெறுகிறார்கள். இரண்டாவதை வீட்டில்தான் பெற முடியும். கடையிலிருந்து வாங்கிவந்த கீரையைக் காட்டி, "வாடிவிட்டதே" என்று நாம் சொல்லாவிடில், அச்சொல்லை அவர்களுக்கு வேறு யார் சொல்வார்?