பலாலி: ஒரு போருக்காக இடப்பட்ட ஓடுபாதை

வடமராட்சியிலிருந்து தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து, வளலாய் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் பலாலி அதிக தூரமில்லை. ஆனால் 1990 இன் பின்னர் அந்தக் கரையோரப் பாதை ஆண்டுக்கணக்கில் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. பலாலி விமானத்தளமும் அதனைச் சுற்றி விரிந்த உயர் பாதுகாப்பு வலயமுமே காரணம். அத்தளத்தின் ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ள வேளையில், அது எவரால், எதற்காக அமைக்கப்பட்டது என்பதை நினைவுபடுத்துவது பொருத்தமானதெனக் கருதுகிறோம்.

1942 இன் முற்பகுதியில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் வசமாகின. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பும் 9 ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காகின. இந்து சமுத்திரத்தைக் காப்பதற்கு இலங்கையை விட்டால் வேறிடமில்லை என்ற நிலை பிரித்தானியருக்கு ஏற்பட்டது. சீகிரியா, மின்னேரியா, கொக்கலை எனத் தளங்கள் பெருகின. குடாநாட்டின் வடகரையில், சுண்ணாம்புக்கற் படுகையின் மேல் செம்மண் படிந்த சமதரையில், பலாலித் தளம் உருவாயிற்று. பிரித்தானிய விமானப்படையின் ஏடுகளில் அதன் பெயர் காங்கேசன்துறை என்றே உள்ளது. பலாலி என்று தேடுவோர் ஏமாற நேரிடும்.

இது பயிற்சித் தளமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. அக்காலத்தில் விமானிகளைப் பயிற்றிய தளங்கள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ரொடீசியாவிலும் இருந்தன. இந்தியாவில் பேகம்பேட்டும் ஜோத்பூரும் தொடக்கப் பயிற்சிக்கும் அம்பாலா உயர்நிலைப் பயிற்சிக்கும் உரியனவாயிருந்தன. பலாலிக்கு வந்தோர் பயிற்சி முடித்துப் போர்ப்பணிக்கு வந்தோர். 1944 இல் 160 ஆம் அணி இங்கிருந்தது. 1945 பெப்ரவரியில் மதுரைத் தளத்திலிருந்து 203 ஆம் அணி வந்து சேர்ந்தது. இரு அணிகளும் லிபரேட்டர் எனும் நான்கு இயந்திர அமெரிக்க விமானங்களையே செலுத்தின. நீண்ட தூரம் கடல்மேற் பறந்து எதிரியின் கப்பல்களைத் தேடுவதற்கு ஏற்றவை அவை. பாரமான அவ்விமானங்களுக்கு நீளமான, உறுதியான ஓடுபாதை தேவைப்பட்டது. இன்றுள்ள தளத்தின் மூலம் அதுவே.

1945 செப்டெம்பரில் ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டது. போர் முடிந்தது, ஓடுபாதை எஞ்சியது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நியர் தம் போருக்காக இட்ட பாதை நம் மக்களின் பயணப் பாதையான அந்த மூன்று தசாப்தங்களே தளத்தின் வரலாற்றில் நல்ல காலம் எனலாம். 1970களின் இறுதியில் எயார் சிலோன் மறைந்தது. பின்பு தளம் மீண்டும் படையினருக்கே உரியதாயிற்று.

1987 ஒக்டோபரில் யாழ்.பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிய இந்தியப் படையினரின் ஹெலிகொப்டர்கள் பலாலியிலிருந்தே கிளம்பின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், தையிட்டி முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். பலாலி ஆசிரியர் கலாசாலை பெயரைச் சுமந்துகொண்டு திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். செய்தவர் வேறு, காரணம் வேறு. ஆயினும் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு அகதியாய் அலைவது என்னவென்பதை இரு சமூகங்களும் ஒரே ஆண்டில் அறிந்தன. இதனை ஒரு தரப்பின் துயராக மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

தரைப்பாதை மூடப்பட்ட காலத்தில் குடாநாட்டாருக்கு வான்வழியும் கடல்வழியுமே எஞ்சின. வான்வழி எத்தகையது என்பதை 1998 செப்டெம்பர் 29 காட்டிற்று. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். விமானத்தின் சிதைவுகள் 2012 இலேயே கடலடியில் கண்டெடுக்கப்பட்டன.

போர் 2009 இல் ஓய்ந்த பின்னரும் காணி திரும்பவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்குச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றை நாடினர். 2015 முதல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் கிடைத்தது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

விமான நிலையம் வேண்டாம் என்போர் இங்கு எவருமிலர். சென்னைக்கு வைத்தியத்துக்குச் செல்லும் நோயாளி கொழும்புக்கு இரவிரவாகப் பேருந்தில் போக வேண்டியதில்லை என்பது சிறிய ஆறுதலன்று. இந்தச் சேவைக்கு வரும் ஏ.டி.ஆர். ரக விமானங்களிலும் பெரியவை வர வேண்டுமெனில் ஓடுபாதை நீள வேண்டும். அதற்குக் காணி வேண்டும் என்பதும் விளங்குகிறது. ஆனால் எந்தக் காணி, எவ்வளவு, விமானப் பயணத்துக்கா அல்லது முகாமுக்கா என்பதை அளந்து வரைபடமாக வெளியிடாமல் புதிய சுவீகரிப்புக்குக் கைவைக்கலாகாது. ஓடுபாதைக்குத் தேவைப்படாத காணிகளை முதலில் விடுவித்து, தேவைப்படுவனவற்றுக்கு உறுதிகாரருக்கு இன்றைய சந்தைப் பெறுமதியில் நட்டஈடு வழங்குவதே முறை. உறுதிகாரரில் பலர் காலமாகிவிட்டனர். வாரிசுகள் பல நாடுகளில் சிதறியுள்ளனர். எனவே அவர்கள் உரிமையை நிறுவுவதற்கான நடமாடும் காணிப் பதிவுச் சேவையை அச்சுவேலியிலும் தெல்லிப்பழையிலும் தாமதமின்றி ஆரம்பிக்க வேண்டும்.