ஈரப்பதமும் புழுக்கமும்: எண் சொல்வது என்ன?

காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் நீரே ஈரப்பதம் எனப்படுகிறது. ஆனால் வானிலை அறிக்கைகள் தரும் விழுக்காடு அந்நீரின் அளவை நேரடியாகக் குறிப்பதில்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவில் எவ்வளவு பங்கு உள்ளது என்பதையே குறிக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் 13 டிகிரி செல்சியஸில் மூடுபனி படரும் காலையில் ஈரப்பதம் 100 விழுக்காடாக இருந்தாலும், ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீராவி சுமார் 11 கிராம் மட்டுமே. 32 டிகிரி வெப்பம் நிலவும் ஹூஸ்டனில் 60 விழுக்காடு என்றாலே அது சுமார் 20 கிராம்.

சென்னைவாசிகள் நன்கறிந்த புழுக்கம் இதுதான். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலின் வெப்பமும் தணிவதில்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டின்படி, 70 விழுக்காடு ஈரப்பதத்தில் 32 டிகிரி வெப்பம், நிழலிலேயே சுமார் 40 டிகிரியாக உணரப்படும்.

திறந்தவெளியில் உழைப்போருக்கு இது உயிர்ப் பிரச்சினை. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2010இலும் டல்லஸ் நகரம் 2015இலும், கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு 10 நிமிட ஓய்வைக் கட்டாயமாக்கின. மாநிலம் முழுவதற்கும் ஒரே சீரான விதிகள் தேவை என்ற வாதத்துடன், நகரங்களின் இத்தகைய அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2023இல் நிறைவேற்றப்பட்டது. அதனை எதிர்த்து ஹூஸ்டன் உள்ளிட்ட நகரங்கள் நீதிமன்றத்தை நாடின.