குப்பை அலைவரிசையில் குடியேறிய வைஃபை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரத்துக்கான கேள்வி உங்களில் பலர் கேட்டதுதான். "ராத்திரி சாப்பாட்டைச் சூடு பண்ணும்போது மட்டும் வைஃபை திணறுது. ரூட்டரையே மாத்தியாச்சு, அப்பவும் அதே கதைதான். என்னதான் பிரச்சினை?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ரூட்டரில் கோளாறே இருக்காது. மைக்ரோவேவ் அடுப்பும் ரூட்டரும் ஒரே அலைவரிசையில் வேலை செய்கின்றன. இரண்டுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். சரி, உலகத்தில் எத்தனையோ அலைவரிசை இருக்கும்போது இரண்டையும் ஏன் ஒரே இடத்தில் போட்டார்கள்? அதுதான் இன்றைய கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் ரேதியான் நிறுவனம் ரேடாருக்கான மேக்னட்ரான் குழாய்களைச் செய்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், இந்த அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ. வீட்டுக்குள் வைக்கிற சாமானா அது!

அதே 1947இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் சர்வதேச வானொலி மாநாடு நடந்தது. பேசுவதற்கு அல்லாமல் சூடாக்குவதற்கு அலைகளைப் பயன்படுத்தும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றிலிருந்து கசியும் அலை மற்றவர்களின் வானொலித் தொடர்பைக் கெடுக்கும். தோல் பதனிடும் தொழிற்சாலையை ஊருக்கு வெளியே வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி இவற்றுக்கென்று சில அலைவரிசைகளைத் தனியாக ஒதுக்கினார்கள். அதில் ஒன்றுதான் 2.45 கிகாஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதி.

இங்கே ஒரு விஷயம். தண்ணீர் அந்த அதிர்வெண்ணில்தான் சூடாகும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. தண்ணீர் இதைவிட உயர்ந்த அதிர்வெண்களில் இன்னும் நன்றாக அலையை உறிஞ்சும். ஆனால் அப்போது மேல்பக்கம் மட்டும் வெந்து உள்ளே பச்சையாக இருக்கும்.

அடுத்த நாற்பது வருடம் இந்தப் பகுதியைத் தகவல் தொடர்புக்கு யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 'குப்பை அலைவரிசை' என்றே பேர் வந்துவிட்டது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியில் இருந்த மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் அதை வேறு மாதிரிப் பார்த்தார். ராணுவத்தில் ஒரு உத்தி இருந்தது. செய்தியை அகலமாகப் பரப்பி அனுப்பினால் இரைச்சலுக்கு நடுவிலும் அது பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் இந்தக் குப்பை இடமே போதுமே! 1985 மே 9 அன்று விதி வந்தது. 1 வாட் வரை யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். நிபந்தனை இரண்டு: மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, மற்றவர்களால் வரும் இடைஞ்சலைச் சகித்துக்கொள்ள வேண்டும். அதாவது அடுப்பு மேல புகார் கொடுக்க ரூட்டருக்கு உரிமையே கிடையாது.

கடைகளின் பில் போடும் இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க என்சிஆர் நிறுவனம் இந்த விதியைப் பிடித்துக்கொண்டது. அதன் நெதர்லாந்துப் பொறியாளர் விக் ஹேய்ஸ் தலைமையேற்ற குழு 1997இல் 802.11 தரத்தை வெளியிட்டது. 1999இல் 'வைஃபை' என்ற பெயரும் வந்தது.

நம் நாட்டில்? 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. ரேடியோ கேட்கக்கூடத் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசன்ஸ் எடுத்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்ற அறிவிப்பு இங்கே 2005 ஜனவரியில்தான் வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அடுப்புக்குள் இருப்பது சுமார் 1,000 வாட். ரூட்டர் அனுப்புவது சுமார் 0.1 வாட். கதவு ஓரமாகக் கசிவது நம் உடம்புக்கு ஒன்றும் செய்யாத துளிதான், ஆனால் ரூட்டருக்கு அது பெரிய கூச்சல். ரூட்டர் பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும். சத்தம் இருந்தால் காத்திருக்கும். சாதாரண அடுப்பு நம்ம ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை விட்டுவிட்டு இயங்கும். அந்த இடைவெளியில்தான் ரூட்டர் பேசிக்கொள்கிறது. அதனால்தான் பல வீடுகளில் இணைப்பு அறுவதில்லை, நொண்டுகிறது.

சோதிப்பது சுலபம். ஒரு கப் தண்ணீரை வைத்து அடுப்பை ஓட விடுங்கள், காலியாக ஓட்டாதீர்கள். கணினியை வைஃபையில் இணைத்து ரூட்டரின் முகவரிக்கே 'பிங்' கொடுங்கள். பல ரூட்டர்களில் அது 192.168.1.1. அடுப்பு ஓடும்போது மட்டும் எண்கள் எகிறினால் வெளியே லைனில் குறை இல்லை, வீட்டுக் காற்றில்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். பழைய கருவி என்றால் சேனல் 1 வைத்துப் பாருங்கள், ரூட்டரை சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் தொந்தரவு நாம் கொடுக்கும் வாடகை. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஏலம் எடுக்காமல், ஒரு சாதாரண வீடு தன் சொந்த வானொலி நிலையத்தை நடத்துகிறது. 6 கிகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிடுவதா, செல்போன் நிறுவனங்களுக்கு ஏலம் விடுவதா என்று இந்தியாவிலும் பல வருடம் இழுபறி நடந்தது. அந்த மாதிரிச் செய்தி வரும்போது தாண்டிப் போய்விடாதீர்கள். 1985இல் அந்தக் குப்பை இடத்தையும் ஏலம் விட்டிருந்தால், இன்று நம் வீட்டு ரூட்டருக்கும் மாச வாடகை கட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.