பதினாறு வருஷம் ஏமாற்றிய எலி

நாலு மாசம் பண்ணின சோதனை போன வாரம் குப்பைக்குப் போச்சு. எந்த மரபணுவை நீக்கிய செல் என்று நம்பி ஆரம்பித்தேனோ, அந்த மரபணு அதில் ஜம்முனு இருக்கு. கைடு கிட்ட இன்னும் சொல்லல. ராத்திரி ரசம் வச்சு சாப்பிட்டுட்டு, ஆறுதலுக்கு ஒரு பழைய கதையைத் திரும்பப் படிச்சேன். உங்களுக்கும் சொல்லிடறேன்.

ஈ.கோலை, சால்மொனெல்லா மாதிரி கிருமிகளின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்று கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. வெள்ளணுவின் மேல்சவ்வில் இருக்கும் டி.எல்.ஆர்.4 அதை மோப்பம் பிடிக்கும். 1998ல் இதைச் சொன்ன புரூஸ் பாய்ட்லருக்கு 2011ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாசல் காவலாளி கிடைத்துவிட்டான், சரி. அவனைத் தாண்டி செல்லுக்குள்ளேயே குடிவந்துவிட்ட கிருமியை யார் பார்ப்பது?

இங்கேதான் நம்ம எலி வருது. 1995ல் காஸ்பேஸ்-1 என்ற நொதி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். எல்.பி.எஸ். ஊசி போட்டால் சாதாரண எலி அதிர்ச்சியில் செத்துவிடும், இவை பிழைத்தன. கொல்வது காஸ்பேஸ்-1தான் என்று முடிவாகிவிட்டது.

2011ல் ஜெனன்டெக் நிறுவனத்தில் கயகாகி குழு குட்டை உடைத்தது. அந்த எலிகள் '129' என்ற வம்சத்து ஸ்டெம் செல்லில் இருந்து வந்தவை. அந்த வம்சத்துக்கே காஸ்பேஸ்-11 மரபணுவில் ஐந்து எழுத்து காணோம்! இரண்டு மரபணுவும் குரோமோசோமில் பக்கத்து பக்கத்து வீடு. அதனால் எத்தனை தலைமுறை வேறு எலியோடு கலந்தும் பிரியவில்லை. ஒன்றை நீக்கியதாக நினைத்து, இரண்டும் இல்லாத எலியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஆராய்ச்சி நடந்திருக்கு. காஸ்பேஸ்-11ஐ மட்டும் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் செத்தன. பழி ஒருத்தன் மேல், கொலை செய்தவன் பக்கத்து வீட்டுக்காரன் :-)

அப்புறம் கதை வேகமெடுத்தது. டி.எல்.ஆர்.4 இல்லாமலேயே, செல்லுக்குள் நுழைந்த எல்.பி.எஸ். காஸ்பேஸ்-11ஐ எழுப்புகிறது என்று 2013ல் தெரிந்தது. 2014ல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவ் குழு, நடுவில் தரகரே இல்லை, அந்த நொதியே எல்.பி.எஸ்.ஸைப் பிடிக்கிறது என்று காட்டியது. மனிதர்களில் இந்த வேலை காஸ்பேஸ்-4, 5 உடையது. பிடித்ததும் கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டும் (இது 2015ல் தெரிந்தது). வெட்டுண்ட துண்டு சவ்வில் ஓட்டை போட, செல் வெடித்து, கிருமி தெருவுக்கு வந்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதைதான். ஆனா இங்கே அது பலிக்குது. ரத்தம் முழுக்கக் கிருமி பரவினால் மட்டும் இதே வெடிப்பு ஆளையே சாய்க்கும்.

டி.எல்.ஆர்.4ஐ அடைக்கும் எரிடோரான் என்ற மருந்து அப்படிப்பட்ட நோயாளிகளின் சாவைக் குறைக்கவில்லை என்று 2013ல் முடிவு வந்தது. உள்ளே இன்னொரு காவலாளி இருந்ததுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சந்தேகம் வருதில்ல?

ஃப்ரீஸரில் மிச்சமிருக்கும் மூணு குப்பியையும் நாளைக்கு டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பறேன். அப்புறம்தான் கைடு.