பந்தைத் தொடாதவனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



ரக்பி சீசன் வந்துவிட்டால் கண்டியில் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ஒரே பேச்சுதான். யார் ட்ரை வைத்தது, யார் உதைத்தது, யார் ஓடியது. ஸ்கிரம்மில் முன்வரிசையில் தலையைக் கொடுத்து நின்ற மூன்று பேரும் யார் என்று கேட்டால் அவர்களுடைய உம்மா வாப்பாவைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்கு வழி செய்து கொடுக்கும் இந்த ஆட்களைப் பற்றியும், அவர்களைத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் சரித்திரம் எழுதுகிறேன். அமெரிக்கா வரை போய் வர வேண்டியிருக்கிறது. பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1874 இலிருந்து தொடங்குவோம். நித்தவெலவில் இன்று நாம் பார்க்கும் கண்டி விளையாட்டுக் கழகம் ஆரம்பமானது அந்த வருடம்தான். அன்று அது தோட்டத்துரைமாரின் கழகம். அதே 1874 மே மாதத்தில், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்துடன் இரண்டு ஆட்டங்கள் விளையாடினார்கள். இரண்டாவது ஆட்டம் மக்கில்காரர்களின் ரக்பி பாணி விதிகளின்படி நடந்தது. ஹார்வர்ட் மாணவர்களுக்கு அது பிடித்துப்போனது. அங்கிருந்து மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இன்றைய அமெரிக்கன் புட்போலுக்கு வேர் நாம் விளையாடும் இந்த ரக்பிதான்.

வழிகள் பிரிந்தது 1880 இல். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் கேம்ப் என்பவர் ஸ்கிரம்மை எடுத்துவிட்டு ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். இரண்டு அணிகளும் கோட்டுக்கு இரு பக்கமும் நிற்கும். பந்து ஒரு அணியின் கையில் இருக்கும், அந்த அணி தொடங்கினால்தான் ஆட்டம் நகரும். ஸ்கிரம்மில் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கோட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். பந்து வைத்திருக்கும் அணிக்காக நிற்கும் ஐந்து பேரைத்தான் ஒஃபென்சிவ் லைன்மேன் என்கிறார்கள். நம் பிரொப்புக்கு அமெரிக்காவில் ஒரு சாச்சி மகன் இருக்கிறான் என்றால் அது இவன்தான்.

அடுத்த முக்கியமான வருடம் 1906. கிங்ஸ்வூட் கல்லூரியின் ஸ்தாபகர் எல்.ஈ. பிளேஸ் அவர்கள்தான் நம் நாட்டுப் பாடசாலைகளுக்கு ரக்பியைக் கொண்டுவந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இலங்கையின் முதலாவது பாடசாலை ரக்பிப் போட்டி 1906 இல் போகம்பறை மைதானத்தில் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் நடந்து சமநிலையில் முடிந்தது.

அதே 1906 இல் அமெரிக்காவில் ஒரு பெரிய மாற்றம். அதற்கு முந்திய வருடம் மைதானத்தில் பல இளைஞர்கள் உயிரிழந்திருந்தார்கள். கூட்டமாக இடித்துத் தள்ளும் ஆட்டம் அவ்வளவு கொடூரமாகப் போயிருந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். பிறகு வந்த புதிய விதிகளில் ஒன்று, பந்தை முன்னால் எறியலாம் என்பது. ரக்பியில் இன்றுவரை அதற்கு அனுமதியில்லை. முன்னால் எறிபவனுக்கு நின்று, பார்த்து, குறிவைக்க நேரம் வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடியை அவனுக்கு வாங்கிக் கொடுப்பது லைன்மேனின் வேலையானது. அவன் பந்தைத் தொடுவதே அபூர்வம். முன்னால் எறியும் பந்தைப் பிடிக்கவும் சாதாரணமாக அவனுக்கு அனுமதியில்லை.

இனி ஆள் தேர்வுக்கு வருவோம். 1930களில் அங்கே பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின. பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற பலவீனமான அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார். கடைசி இடத்தில் இருக்கும் அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், சம்பியன் கடைசியில் எடுக்கட்டும். இதற்குப் பெயர்தான் டிராஃப்ட். முதலாவது டிராஃப்ட் 1936 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. 90 பெயர்களைப் பலகையில் எழுதிப் போட்டு, 9 சுற்றுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜே பேர்வேங்கர், அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான மாணவ வீரர், பந்தோடு ஓடுபவர். அவர் தொழில்முறையில் ஒரு மெச்கூட விளையாடவில்லை. கடைசிச் சுற்றில் சிகாகோ பெயார்ஸ் அணி டெனி ஃபோர்ட்மன் என்ற பையனை எடுத்தது. வயது 19. லைன்மேனுக்கு உடம்பு போதாது. அந்தப் பையன் விளையாடிக்கொண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து டொக்டரானார். லைன்மேனாகவும் அந்த விளையாட்டின் மகத்தான வீரர்களின் பட்டியலில் இடம்பிடித்தார். ‘விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்’ என்று சொல்லும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்பும் பெயர் இது.

லைன்மேனைத் தேர்ந்தெடுப்பது ஏன் கஷ்டம்? அவனுடைய வேலைக்குக் கணக்கு இல்லை. ஓடியவனுக்கு யார், எறிந்தவனுக்கு யார், பிடித்தவனுக்கு யார். எறிபவனை வீழ்த்தும் எதிரணிக்காரனுக்கும் 1982 இலிருந்து கணக்கு வைக்கிறார்கள். வீழ்த்தவிடாமல் தடுத்தவனுக்கு என்ன போடுவது? அவன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. பிழைத்தால்தான் எல்லோருக்கும் தெரியும்.

1985 நவம்பரில் அப்படி ஒரு நாள் வந்தது. வொஷிங்டன் அணிக்காகப் பந்தை எறியும் ஜோ தைஸ்மனை நியூயோர்க்கின் லொறன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். தைஸ்மனின் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் அதன்பின் விளையாடவே இல்லை. வலது கையால் எறிபவன் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவன் இடது டெக்கிள். டெய்லர் போன்ற வேகமானவர்கள் வரவர இடது டெக்கிளின் மதிப்பு ஏறியது. ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று 1993 இல் வந்ததும், அந்த மதிப்பு சம்பளத்திலும் தெரிந்தது.

மதிப்பு ஏறினால் பிழையாகத் தெரிவுசெய்வதும் நடக்கும். 1989 டிராஃப்ட்டில் கிரீன் பே அணி இரண்டாவது ஆளாக டொனி மண்டரிச் என்ற லைன்மேனை எடுத்தது. அப்படியொரு உடம்பு, பாரம் தூக்குவதில் அப்படியொரு பலம். பத்திரிகையின் முன்பக்கத்தில் படம் வந்தது. அந்த டிராஃப்ட்டில் முதல் ஐந்து பேரில் மற்ற நால்வரும் பிற்காலத்தில் மகத்தான வீரர்களின் பட்டியலுக்குப் போனார்கள். மண்டரிச் சில வருடங்களிலேயே அந்த அணியிலிருந்து விலக்கப்பட்டார். மாணவனாக இருந்தபோது ஊக்கமருந்து பாவித்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேரெதிர் அந்தோனி முனோஸ். முழங்காலில் மூன்று சத்திரசிகிச்சை செய்த பையன். கடைசி வருடம் பெரும்பாலும் விளையாடவே இல்லை. 1980 இல் சின்சினாட்டி அணி துணிந்து அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. 13 சீசன்கள் விளையாடினார். இடது டெக்கிள் என்றாலே முதலில் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது.

நம்மவர் ஒருவரும் உண்டு. ரயன் ஹரிஸ், முஸ்லிம். 2007 இல் மூன்றாம் சுற்றில் டென்வர் அணி எடுத்தது. காயங்கள், அணி மாற்றங்கள் என்று பல ஊர் சுற்றிவிட்டு மறுபடி டென்வருக்கே வந்தார். 2016 பெப்ரவரியில் டென்வர் சூப்பர் போல் சம்பியனானபோது இடது டெக்கிளாக நின்றவர் அவர்தான்.

கடைசியாக, ரக்பிக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய பெயர்: ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் பிறந்த சமோவா வம்சாவளிப் பையன், ரக்பி லீக் விளையாடியவன். 6 அடி 8 அங்குலம். அமெரிக்கன் புட்போல் மெச் ஒன்றுகூட விளையாடாத அவரை 2018 இல் ஏழாவது சுற்றில், 233ஆவது ஆளாக எடுத்தது, பேர்ட் பெல் தொடங்கிய அதே பிலடெல்பியா ஈகிள்ஸ். முதல் இரண்டு சீசன்களிலும் ஒரு மெச்சிலும் இறக்கவில்லை. கால் எப்படி வைப்பது, கையை எங்கே வைப்பது என்று பொறுமையாகப் பழக்கினார்கள். 2025 பெப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் போல் வென்றபோது இடது டெக்கிள் அவர்.

இந்தக் கதைகளில் எனக்குப் படுவது ஒன்று. தராசும் அளவு நாடாவும் ஆளில் பாதியைத்தான் காட்டும். மிச்சம் பாதி கால் அசைவு, பக்கத்தில் நிற்பவனோடு உள்ள புரிந்துணர்வு, நூறு தடவை செய்ததை நூற்றியோராவது தடவையும் அதே கவனத்தோடு செய்யும் குணம். அதைப் பார்க்கக் காலம் எடுக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கிங்ஸ்வூட்டிலிருந்து வந்து, கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு விளையாடி, இலங்கை அணிக்கும் தலைமை தாங்கிய பாசில் மரிஜாவை நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும், நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் உதைத்த, கடத்திய ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எட்டுப் பேர் முதுகைக் கொடுத்து நின்றார்கள்.

நம் பிள்ளைகளின் தேர்வில் என்ன நடக்கிறது? 13, 14 வயதில் கொஞ்சம் உடம்பு வைத்த பிள்ளையைக் கண்டால் “நீ முன்னுக்குப் போ” என்கிறோம். மெலிந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோம். இரண்டு வருடத்தில் இரண்டு பேரின் உடம்பும் மாறிவிடும். இதில் வெற்றி தோல்வியை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முன்வரிசை என்பது கழுத்தையும் முள்ளந்தண்டையும் கொடுத்து நிற்கும் இடம். அதனால்தான் அந்த இடத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே நிற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் தள்ளாமலே ஸ்கிரம்மை நடத்த வேண்டும். 19 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது. இரண்டு வரிசையும் முதலில் பிடித்துக்கொண்ட பிறகே சேர வேண்டும் என்ற முறை 2013 இலிருந்து இருக்கிறது. இவையெல்லாம் கழுத்துகள் முறிந்த பிறகு உலகம் படித்த பாடங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனை முன்வரிசையில் போட்டிருக்கிறார்கள் என்றால் பயப்பட்டு நிறுத்தவும் வேண்டாம், சந்தோசத்தில் சும்மா இருக்கவும் வேண்டாம். பயிற்றுவிப்பாளரிடம் போய், ஸ்கிரம் பயிற்சி எத்தனை மாதம் கொடுத்தீர்கள், கழுத்துக்கு என்ன பயிற்சி என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் அந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார். உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையிடம் டெனி ஃபோர்ட்மனின் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த மெச்சுக்கு நித்தவெலவுக்கோ பல்லேகலைக்கோ போனால் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் 1, 2, 3 இலக்கச் சட்டைகளை மட்டும் பாருங்கள். முடிந்ததும் அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது கைகொடுத்து, பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.